பெயரிட்ட பெரியார் எட்வர்ட் மெய்ரிக்

உலகத்தில் நெடும்புகழ் நாட்டிச் சென்றோர் பலர். நாடு வென்றோர் சிலர். நூல் செய்தோர் சிலர். பிணி தீர்த்தோர் சிலர். பிறர்பொருட்டுத் தம் உயிரையே ஈந்தோர் சிலர். இத்தகையோர் வரலாறுகளை எழுதுதலும் படித்தலும் மாணாக்கராகிய எமக்கு வழக்கம். ஆயின் யாம் ஈண்டு எழுதப் புகுந்த பெரியார் இவ்வகையார் எவருள்ளும் அடங்காதவர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். கிரேக்கமும் இலத்தீனும் சிறுவர்க்குக் கற்பித்து வாழ்நாள் கழித்தவர். பள்ளி விட்ட பின்னர்க் கிடைத்த ஓய்வு நேரத்தில், ஓர் அரிசியின் நீளமேயுள்ள அந்துப்பூச்சிகளை நோக்கி நோக்கி அவற்றுக்குப் பெயரிட்டு வந்தவர். எட்வர்ட் மெய்ரிக் என்பது அவர் திருப்பெயர். பூச்சி நூல் வல்லார் உலகெங்கணும் அவரை நன்கு அறிவர். ஏனையோர் அறிவது அரிது. எனினும் அவர் இட்ட பெயரொன்று இன்று எம் ஊர் உழவரின் துயரோடு பிணைந்து கிடக்கின்றது. அதனாலேயே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் சூளகிரி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் பெருஞ்சாலையின்மேல், கருநாடக எல்லைக்கு அணித்தாக அமைந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அங்கு ஒரே கடைத்தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். ஒருபால் தொழிற்சாலைகளின் மதில்கள் நாளுக்கு நாள் நீண்டு வருகின்றன. மற்றொருபால் தக்காளியும் கொத்தமல்லியும் நிலக்கடலையும் விளைகின்றன. தக்காளி அவ்வட்டாரத்தார்க்கு வெறுங்கறிகாய் அன்று. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும், பெண்ணின் மணச் செலவும், வாங்கிய கடனின் தவணையும் அதுவே. சென்ற விடுமுறையில் யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது எம் பெரியப்பா தம் தோட்டத்திலிருந்து ஒரு தக்காளியிலையைப் பறித்து வந்து எம் கையிற் கொடுத்தார். அதனைக் கதிரவன் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். பச்சை நிறம் நீங்கிக் கண்ணாடித்தாள் போல் வெளுத்த ஒரு திட்டு. அத்திட்டினுள்ளே கரிய தூள். தூளின் அருகே அசையும் ஒரு சிறு புழு. இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் பெரும்பாலும் கிழியாதிருக்க, இடையிலுள்ள சதையை மட்டும் அது குடைந்து தின்றுகொண்டிருந்தது. கல்லூரியிற் படிக்கும் பிள்ளையாயிற்றே, இதன் பெயர் யாது என்று பெரியப்பா வினவினார். தமிழ் பயிலும் எமக்கு விடை தெரியவில்லை, நாணி நின்றோம்.

கல்லூரிக்கு மீண்டதும் விலங்கு நூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அணுகினோம். அவர் யாம் கொணர்ந்த இலையைக் கண்டு, அதனுள் இருந்தது ஃப்தோரிமேயா அப்சொலூட்டா என்னும் சிற்றந்தின் புழு எனச் சொல்லி, அப்பெயரைத் தாளில் எழுதி, அதனை அடுத்து மெய்ரிக் 1917 என்றும் எழுதினார். ஓர் உயிரினத்தை முதன்முதல் வருணித்துப் பெயரிட்டவரின் பெயரையும் ஆண்டையும் அவ்வுயிரின் பெயருக்குப் பின்னே எழுதுதல் அந்நூலோர் மரபாம். அம்மெய்ரிக் யார்? 1917-ஆம் ஆண்டில் எங்கிருந்து எம் ஊர்ப் புழுவை அறிந்தார்? இவ்வினாக்களே எம்மை நூலகத்துக்கு இட்டுச் சென்றன.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்து தேசத்தில் வில்ட்ஷயர் என்னும் கோட்டத்தில் ராம்ஸ்பரி என்றோர் ஊர் உண்டு. 1854-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் மெய்ரிக் அங்குப் பிறந்தார். அருகிலுள்ள மார்ல்பரோ நகரில், கல்லூரி என்ற பெயர் தாங்கிய புகழ்பெற்ற பள்ளியிற் பயின்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டிரினிட்டி கல்லூரியிற் புகுந்து பண்டை மொழிகளிற் பயிற்சி பெற்றார். ஆயின் நூல்களுக்கிடையே வளர்ந்த அவ்விளைஞரின் நெஞ்சம் வேறொன்றிலும் தோய்ந்திருந்தது. மாலையில் விளக்கை நாடி வரும் பூச்சிகளுள், பிறர் தட்டி எறியும் மிகச் சிறியவற்றை அவர் எடுத்து ஊசியிற் குத்திப் பாதுகாத்தார். 1875-ஆம் ஆண்டிலேயே சிற்றந்துகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு அச்சேறியது. அப்போது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. எம்மினும் ஓரிரு ஆண்டே மூத்தவர்! இதனை எழுதுங்கால் எமக்கு உண்டாகும் வெட்கத்தை மறைக்க வேண்டுவதில்லை.

தென்கடல் நாடுகளில்

1877-ஆம் ஆண்டில் மெய்ரிக் கடல் கடந்து ஆஸ்திரேலியா சென்றார். பாரமட்டா, சிட்னி என்னும் ஊர்களிலும், பின்னர் நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரிலும் பள்ளி ஆசிரியராய் அமர்ந்தார். பொருள் தேடிச் சென்றவர்க்குப் பொன் கிடைத்தாற்போல அவர்க்கு ஆங்கே பூச்சிகள் கிடைத்தன. ஐரோப்பாவில் சிற்றந்துகளை முன்னரே பலர் ஆராய்ந்திருந்தனர். தென்கடல் நாடுகளிலோ பெயரற்றவை எண்ணிறந்தன. காடு தோறும் மலை தோறும் சென்று வலை வீசிப் பிடித்தார். இரவில் அமர்ந்து எழுதினார். ஏறத்தாழ ஒன்பது பத்து ஆண்டுகளில் அந்நாடுகளின் சிற்றந்துகளைப் பற்றிய அறிவுக்கு அவரே அடித்தளம் இட்டார் என்னலாம்.

1880-களின் பிற்பகுதியில் அவர் தாய்நாடு திரும்பினார். தாம் சிறுவனாய்ப் பயின்ற மார்ல்பரோவிலேயே பண்டை மொழி ஆசிரியராய் அமர்ந்து, 1914-ஆம் ஆண்டு வரை அப்பணி புரிந்தார். அந்நகரே அவர்க்கு இறுதி வரை இருப்பிடமாயிற்று. இலக்கண விதிகளை இளஞ்சிறார்க்கு உணர்த்துவது பகற்பணி. கைக்கண்ணாடியின் கீழ்ச் சிறகு ஒன்றை வைத்து அதன் நரம்புகளை எண்ணுவது மாலைப்பணி. இவ்விரு பணிகளும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்து அதன் இனம் காண்பது போலவே, அவர் ஓர் அந்தின் இறகை நரம்பு நரம்பாகப் பிரித்து நோக்கி அதன் இனம் கண்டார். சிறகின் நரம்பமைப்பைக் கொண்டு சிற்றந்துகளை முறைப்படுத்தியதில் அவர் முன்னோடிகளுள் ஒருவர்.

1895-ஆம் ஆண்டில் பிரித்தானிய அந்துகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பற்றிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். அதனையே திருத்தி 1928-இல் மீண்டும் வெளியிட்டார். 1904-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஓய்வு நேர உழைப்பால் அப்பெருஞ்சங்கத்தில் இடம்பெறுதல் எளிதோ?

அஞ்சலில் வந்த இந்தியா

மெய்ரிக்கின் புகழ் பரவப் பரவ, உலகின் பல பகுதிகளிலிருந்தும் பூச்சிகள் அவரை நாடி வந்தன. தென்னமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அன்பர்கள் சிறு பெட்டிகளில் ஊசி குத்திய அந்துகளை அனுப்பினர். அவர் தாம் வாழ்ந்த சிறு நகரத்தில் இருந்தவாறே அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் இந்தியச் சிற்றந்துகளைப் பற்றித் தொடராக எழுதினார். 1912-ஆம் ஆண்டு முதல் 1937-ஆம் ஆண்டு வரை அயல்நாட்டுச் சிற்றந்துகள் குறித்துத் தாமே ஒரு வெளியீட்டைப் பகுதி பகுதியாக நடத்தி வந்தார். அவ்வெளியீட்டில் நம் நாட்டுப் பூச்சிகளும் பலவாக இடம்பெற்றன.

நிலக்கடலையைக் கெடுக்கும் சுருள்பூச்சியை நம் உழவர் நன்கு அறிவர். அதன் புழு இளமையில் இலையைக் குடைந்து உள்ளே வாழும், சில நாட்களுக்குப் பின் வெளிப்பட்டு, இலைகளை நூலாற் பிணைத்து மடித்து, அம்மடிப்பினுள் இருந்து தின்னும், அங்கேயே கூட்டுப்புழுவாகும். தொலைவிலிருந்து பார்த்தால் கொல்லை தீய்ந்தாற்போலத் தோன்றும். நிலக்கடலையேயன்றிச் சோயா மொச்சையும் கார்போகியும் அதற்கு உணவாம். இவ்வந்துக்கு 1906-ஆம் ஆண்டில் மெய்ரிக் நெர்ட்டீரியா என்று பெயரிட்டார். இந்திய வேளாண்மை நூல்கள் நெடுங்காலம் அப்பெயராலேயே அதனை வழங்கின. பின்னர், சாவகத் தீவில் 1904-ஆம் ஆண்டிலேயே வேறொருவர் இட்ட பெயரும் இப்பூச்சியையே குறிக்கும் எனத் தெளிந்து, முந்தியதே வெல்லும் என்னும் விதிப்படி மெய்ரிக்கின் பெயரை நீக்கினர். பெயரிடுவோர் உலகிலும் வழக்கும் தீர்ப்பும் உண்டு போலும்!

இந்தியாவில் மெய்ரிக்குக்குப் பெருந்துணையாய் நின்றவர் தாமஸ் பெயின்பிரிக் பிளெட்சர். 1878-இல் பிறந்து 1950-இல் மறைந்த இவர், கோயம்புத்தூரில் சென்னை மாகாண அரசாங்கப் பூச்சி நூலறிஞராக விளங்கிப் பின்னர்ப் பீகாரிலுள்ள பூசாவில் இந்திய அரசாங்கப் பூச்சி நூலறிஞரானார். 1914-ஆம் ஆண்டில் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை இயற்றினார். மெய்ரிக் செய்யாத ஒன்றைப் பிளெட்சர் செய்தார். புழுக்களை அவை தின்னும் இலையோடு கொணர்ந்து கூண்டில் வளர்த்து, எப்புழு எவ்வந்து ஆகின்றது, எத்தழையை உண்கின்றது, எத்துணை நாள் வாழ்கின்றது என்று குறித்து வைத்தார். இந்தியச் சிற்றந்துகளின் வாழ்க்கை வரலாறுகளை 1920-ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டார். கூண்டிற் பிறந்த அந்து கப்பலேறி மார்ல்பரோ சென்று பெயர் பெற்றுத் திரும்பும். பெயர் ஒருவர் தர, வாழ்க்கையை மற்றொருவர் தர, அறிவு நிறைவெய்தியது.

1917-ஆம் ஆண்டு

இனி எம் பெரியப்பாவின் தோட்டத்துப் புழுவுக்கு வருவோம். தென்னமெரிக்காவில் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின்மீது, கடல் மட்டத்துக்குப் பதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஹுவன்காயோ என்னும் நகரம் இருக்கின்றது. அங்குப் பிடிக்கப்பட்ட சாம்பல் நிறச் சிற்றந்து ஒன்று மெய்ரிக்கின் மேசையை அடைந்தது. முதல் உலகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1902-ஆம் ஆண்டில் தாமே வகுத்த ஃப்தோரிமேயா என்னும் பேரினப் பெயரின்கீழ் அதனைச் சேர்த்து, அப்சொலூட்டா என்று பெயர் சூட்டி, தென்னமெரிக்கச் சிற்றந்துகளைப் பற்றிய கட்டுரையில் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பேரினப் பெயரில் அழிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஒலி உண்டு. அடைபெயரோ முழுமையானது என்று பொருள்படும் இலத்தீன். முழு அழிவு என்று நாம் இன்று அதற்குப் பொருள் கூறினும் பொருந்தும். ஆனால் பெயரிட்டவர் இதனைக் கருதியிருக்க வழியில்லை. அவர் கண்டது சிறகு விரித்த அந்து. அதன் புழு தக்காளியைக் குடையும் என்பதை அவர் அறிந்திலர்.

அவ்வந்தின் வாழ்க்கையைப் பிற்காலத்தார் ஆராய்ந்து கண்டவாறு சுருங்கக் கூறுவோம். அந்து ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளமுள்ளது. வெள்ளி கலந்த சாம்பல் நிறமும், முன்சிறகுகளிற் கரும்புள்ளிகளும் உடையது. பகலில் இலைகளிடையே ஒளிந்திருந்து, அந்தியிலும் விடியலிலும் பறக்கும். பெண் அந்து தன் வாழ்நாளில் 260 முட்டைகள் வரை இடக்கூடும். முட்டைகளைத் தளிரிலும் இலையின் அடிப்புறத்திலும் பெரும்பாலும் தனித்தனியாக இடும். நான்கைந்து நாட்களில் முட்டை பொரிந்து வெளிவரும் புழு உடனே இலையைத் துளைத்து உட்புகும். இலைச் சதையைத் தின்று, அகன்ற திட்டுப்போன்ற அறையொன்றை உண்டாக்கி, தன் எச்சத்தையும் அதனுள்ளேயே விடும். நான்கு பருவங்கள் வளரும். இளமையில் வெளிறியிருந்து பின்னர்ப் பசுமையும் இளஞ்சிவப்பும் கொள்ளும். தலைக்குப் பின்னே கரிய பட்டை ஒன்று தோன்றும். இலை போதாவிடில் தண்டையும் மொட்டையும் காயையும் குடையும். காயில் ஊசி குத்தினாற்போன்ற துளை காணின் அதன் வேலையெனலாம். வளர்ந்த புழு பெரும்பாலும் நூலிறக்கி மண்ணில் வீழ்ந்து கூட்டுப்புழுவாகும். சில இலையிலேயே ஆகும். வெப்ப நாட்களில் முட்டை தொடங்கி அந்து வரை நான்கு வாரங்களுக்குள் முடியும்; குளிர் மிகின் இரண்டு திங்களுக்கு மேலும் நீளும். ஆதலின் வெப்ப நாடுகளில் ஓராண்டில் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகள் தோன்றுதல் கூடும்.

அதன் முதன்மை உணவு தக்காளி. உருளைக்கிழங்கு, கத்தரி, புகையிலை ஆகிய அவ்வினத்துப் பயிர்களிலும் வாழும். வேலியோரத்து மணத்தக்காளியிலும் ஊமத்தையிலும் ஒதுங்கி, அடுத்த நடவு வரை காத்திருக்கும்.

பெயரும் பூச்சியும் சென்ற வழி

மெய்ரிக் பெயரிட்ட பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வந்தைப் பற்றிக் கவலை கொண்டார் சிலரே. 1960-களில் அது தென்னமெரிக்கத் தக்காளித் தோட்டங்களிற் பெரும்பகையாய் எழுந்தது. 2006-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்திற் காணப்பட்டது. அங்கிருந்து மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கும், ஆப்பிரிக்காவுக்கும், மேற்காசியாவுக்கும் சில ஆண்டுகளிற் பரவிற்று. காய்களோடும் நாற்றோடும் பெட்டிகளோடும் அது பயணம் செய்கின்றது என்பர். 2014-ஆம் ஆண்டில் மராட்டிய நாட்டிலும் கருநாடகத்திலும் அதன் வருகை அறியப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் எல்லை கடந்து எம் பக்கத்துத் தோட்டங்களிலும் புகுந்தது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத் தக்கது. நிலக்கடலையும் தக்காளியும் தென்னமெரிக்காவினின்று நம் நாட்டுக்கு வந்தவையே. நிலக்கடலை வந்தபோது இங்கிருந்த அந்தொன்று அவ்விருந்தினரைத் தனக்கு உணவாக்கிக்கொண்டது. தக்காளியோ தனியே வந்து பல தலைமுறை நம்மோடு வாழ்ந்தது. பின்னர் அதன் பழம்பகை கடல்கள் கடந்து அதனைத் தேடி வந்தடைந்தது. எனவே பூச்சியின் ஊர் யாது என அறியாதார்க்கு அதன் போக்கும் விளங்காது.

பூச்சி இவ்வாறு அலைய, அதன் பெயரும் அலைந்தது. பின்வந்த அறிஞர்கள் அதனை ஒரு பேரினத்தினின்று மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டேயிருந்தனர். 1994-ஆம் ஆண்டில் டூட்டா என்னும் பேரினத்திற் சேர்த்தனர். உலகெங்கும் டூட்டா அப்சொலூட்டா என்ற பெயரே நிலைத்தது. முதலிற் சேர்த்த பேரினத்தினின்று ஓர் இனம் மாற்றப்படின், பெயரிட்டவர் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுதல் மரபு. அவ்வாறே மெய்ரிக்கின் பெயரும் பல்லாண்டு அடைப்புக்குள் அடைபட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டில் உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒருங்கே ஆராய்ந்தோர், அவ்வந்து மெய்ரிக் முதலில் வைத்த ஃப்தோரிமேயாப் பேரினத்துக்கே உரியது என முடிவு கட்டினர். கைக்கண்ணாடி ஒன்றையே துணையாகக் கொண்டு அம்முதியவர் கூறியதை, 104 ஆண்டுகள் கழித்து மரபணு நூலும் ஒப்பியது. அடைப்புக்குறிகள் அகன்றன.

நிறையும் குறையும்

1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் மெய்ரிக் தம் 83-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துழைப்பில் அவர் பெயரிட்ட இனங்கள் 14,000-க்கும் மேற்பட்டவை. சராசரி ஆண்டொன்றுக்கு இருநூற்றுக்கு மேலாகும். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் அடங்கிய அவர்தம் தொகுதி இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்காட்சிச்சாலையிற் சேர்ந்தது.

பெரியோரைப் போற்றுவது கடனெனினும் அவர்தம் குறையை மறைத்தல் கடனன்று. மெய்ரிக் கைக்கண்ணாடியோடு அமைந்தார். அவர் காலத்திலேயே பூச்சியின் உடலை அறுத்து, உள்ளுறுப்புக்களை நுண்ணோக்கியில் நோக்கி, இனம் பிரிக்கும் முறை வளர்ந்து வந்தது. அதனை அவர் மேற்கொண்டிலர். அதனால் ஓரினத்துக்கே இரு பெயரிட்டதும், வேறு வேறினங்களை ஒன்றாகக் கருதியதும் உண்டு. அவர் விட்டுச் சென்ற சிக்கல்களை அவிழ்க்கப் பிறர் பெரிதும் உழைத்தனர். அமெரிக்கப் பேரறிஞர் கேட்ஸ் கிளார்க், மெய்ரிக் பெயரிட்ட மூலப் பூச்சிகளை ஆராய்ந்து, 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக ஒரு பட்டியல் வெளியிட வேண்டியதாயிற்று.

தமிழ் பயிலும் எமக்கு மற்றொரு குறையும் தோன்றுகின்றது. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்தார். அதனோடு நில்லாது, இன்ன விலங்கின் இளமைக்கு இன்ன பெயர் என்றும் வரையறுத்தார். குட்டி என்றும் கன்று என்றும் குருளை என்றும் நாம் வேறுபடுத்தி வழங்குவது அம்மரபின் வழியே. வளர்ந்த உருவை மட்டும் அறிவது உயிரை அறிவதாகாது, இளமையும் அறியப்பட வேண்டும் என்னும் கருத்து அதன்கண் பொதிந்திருக்கக் காண்கின்றோம். மெய்ரிக்கோ அந்துக்குப் பெயர் வைத்தார். அதன் இளமையைப் பெரும்பாலும் தேடினாரல்லர். ஆயின் இலையைக் குடைவது அந்தன்று, புழுவே. வயலைக் கெடுப்பது அவர் கண்ட உருவன்று. அவர் காணாத உருவே. கூண்டு வைத்துப் புழு வளர்த்த பிளெட்சர் போன்றோர் பின்வந்திராவிடில், பெயர் ஏட்டிலும் புழு இலையிலும் தனித்தனியே கிடந்திருக்கும்.

எனினும் பெயரே இன்றி வாழ்க்கையை ஆராய்வதும் இயலாது. இதனை எம் பெரியப்பாவின் தோட்டத்திலேயே கண்டோம். மறு விடுமுறையில் யாம் அப்பெயரைக் கூறியபோது அவர் நகைத்தார். வாயில் நுழையாத பெயரால் தக்காளி பிழைக்குமோ என்று கேட்டார். அதன்பின் பொறுமையோடு யாம் கூறியவற்றைச் செவிமடுத்தார். தக்காளியிலையைக் குடைவது ஈயின் புழுவும் உண்டு; 1990-களில் நம் நாட்டிற் பரவிய அது பாம்பு நெளிந்தாற்போன்ற ஒடுங்கிய கோட்டை இலையில் வரையும். அவர் இதுகாறும் இரண்டையும் ஒன்றெனக் கருதி ஒரே மருந்தை அடித்து வந்தார். ஈக்கு மஞ்சள் நிற ஒட்டுத்தாள் தொங்கவிடுவர். இவ்வந்துக்கோ பெண்ணந்தின் மணத்தை ஒத்த பொருள் வைத்த பொறியே ஏற்றது. ஆணந்துகள் அம்மணத்தை நாடி வந்து வீழும். இன்னதென்று பெயர் தெரிந்தமையால் அன்றோ எப்பொறி வேண்டுமெனத் தெரிந்தது? புழு இலையினுள் மறைந்திருத்தலின் மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது என்பதும், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அது பழகிவிடும் என்பதும் அவர்க்கு விளங்கின. குடைந்த இலைகளைக் கொய்து அழித்தலும், அறுவடைக்குப் பின் செடியைக் கொல்லையில் விட்டு வைக்காமையும், தக்காளிக்குப் பின் தக்காளியே நடாமையும் செலவில்லா வழிகள்.

யாம் கூறி முடித்ததும் பெரியப்பா எம்மை வரப்போரம் அழைத்துச் சென்றார். ஆங்கே தானே முளைத்திருந்த மணத்தக்காளிச் செடியின் இலையொன்றைத் திருப்பிக் காட்டினார். அதே வெளுத்த திட்டு. அதே கரிய தூள். தோட்டம் காலியாக இருந்த நாட்களிலும் அவ்வடையாளத்தை அச்செடியிற் கண்டதுண்டு என்றும், அதுவும் இதுவும் ஒன்றென அன்று தோன்றவில்லை என்றும் கூறினார். யாம் நூலில் வருந்திக் கற்றதை அவர் கண்ணால் முன்னரே கண்டிருந்தார். அவரிடம் வாழ்க்கை இருந்தது, பெயர் இல்லை. எம்மிடம் பெயர் இருந்தது, வாழ்க்கை இல்லை. அவ்வரப்பின்மீது நின்றபோதுதான் மெய்ரிக்கின் பெருமையும் குறையும் எமக்கு ஒருங்கே விளங்கின.

மாணவ நண்பர்களே! மெய்ரிக் நம்மைப்போல் மொழி கற்றவர். அம்மொழியைக் கொண்டே எழுதவும் பேசவும் இயலாத சிற்றுயிர்களுக்குப் பெயர் தந்தார். பிறர் பொழுதுபோக்கென எண்ணிய ஓய்வு நேரத்தை அறுபது ஆண்டு வீணாக்காது பயன்படுத்தினார். நம் நாட்டை ஒருநாளும் காணாமலே நம் பூச்சிகளுக்குப் பெயரிட்டார். அவர் விட்டுச் சென்ற பணி இன்னும் முடிந்திலது. பெயர் பெற்றும் வாழ்க்கை அறியப்படாத சிற்றந்துகள் நம் நாட்டில் எத்துணையோ! நம் ஊர்களில் எவ்விலையை எப்புழு குடைகின்றது, அதனை உழவர் என்ன சொல்லால் வழங்குகின்றனர், எம்மாதத்தில் வருகின்றது, எக்களையில் ஒதுங்குகின்றது என்று கேட்டு எழுதி வைக்க விலங்கு நூல் மாணவர்தாம் வேண்டும் என்பதில்லை. கண்ணும் செவியும் ஓர் ஏடும் போதும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்வோர் ஓர் இலையையாவது கதிரவனுக்கு நேரே பிடித்துப் பார்த்து வருவாராக. அருகில் நிற்கும் பெரியவரிடம் அதனைப் பற்றி ஒரு வினாவாவது கேட்டு வருவாராக. மெய்ரிக் என்னும் ஆசிரியர்க்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவேயாகும்.